நிர்வாகக் குழுவில் பெயர் இருந்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் வரிக்கொள்கை வழக்கறிஞர்களின் அறிமுகக் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. கருவூலத் துறை, அடுத்து பெரிய சட்ட நிறுவனம், கடைசியில் இரண்டு தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழு. இந்தச் சமூகப் பணியெல்லாம் வெறும் ஜரிகைதானே?

பதில்: நிர்வாகக் குழுவில் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்தீர்களா? ஆண்டு விருந்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் உறுப்பினர்தான். ஆனால் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய கணக்கறிக்கையான படிவம் 990 போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கிற ஒருவர் இல்லாவிட்டால் நிறுவனமே ஆட்டம் காணும். தொடர்ந்து 3 ஆண்டுகள் அதைத் தாக்கல் செய்யாவிட்டால் தொண்டு நிறுவனங்களுக்கான 501(சி)(3) வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். "வரவே இல்லை, எதற்குத் தாக்கல்?" என்று சும்மா இருந்துவிடும் சிறு அமைப்புகள் இதில் மாட்டிக்கொள்கின்றன. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்ற குறுகிய மின்னணு அறிவிப்பே போதும்.

சம்பளத்தில் பிடித்த வரி இன்னும் ஆபத்தானது. கையில் காசு இல்லாத மாதத்தில் அதை எடுத்து வாடகைக்குக் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் பிரிவு 6672-ன்படி அந்தத் தொகை முழுவதையும் பொறுப்பாளரின் சொந்தப் பணத்திலிருந்தே வசூலிக்கலாம். கௌரவ உறுப்பினருக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர் நிதி நிர்வாகத்தில் தலையிட்டிருக்கக் கூடாது, வரி கட்டப்படாதது அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடாது. கணக்கைப் பார்த்துவிட்ட வரி வழக்கறிஞர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியுமா? பெயருக்கு வருகிறவர்கள் பொருளாளர் பதவிப் பக்கமே போகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

குறைந்த வருமானத்தினருக்கான வரி உதவி மையத்தில் வழக்கு எடுக்கிறாரா என்றும் பாருங்கள். வருமானம் பொதுவாக வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள், தகராறில் உள்ள தொகை ஓராண்டுக்கு 50,000 டாலருக்குள் இருப்பவர்களே அங்கே வருவார்கள். கட்டணம் இல்லை, அல்லது பெயரளவுக்கு. பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி, குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான உழைப்பு வருமானச் சலுகை என்ற வரிச் சலுகையைக் கேட்கிறார் என்று வையுங்கள். குழந்தை பாதி ஆண்டுக்கு மேல் தன்னோடு இருந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். பள்ளிப் பதிவில் பழைய முகவரி இருந்தால் அங்கேயே சிக்கல். 'இன்னும் இவ்வளவு வரி கட்ட வேண்டும்' என்ற பற்றாக்குறை நோட்டீஸ் வந்துவிட்டால், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வாஷிங்டனில் உட்கார்ந்து 'தகுதியுள்ள குழந்தை' என்று விதி எழுதுகிறவருக்கு இந்தப் பாட்டியின் காகிதக் கட்டு பெரிய பாடம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. அரசுப் பதவியை விட்டவர்கள் தாங்கள் கையாண்ட விவகாரத்தில் பிறருக்காக அரசிடம் பேசக் கூடாது என்ற வாழ்நாள் தடை, குறிப்பிட்ட தரப்பினர் சம்பந்தப்பட்ட விவகாரங்களுக்கு மட்டுமே. எல்லோருக்கும் பொதுவான வரிவிதி அதில் வராது. ஆகவே விதியை எழுதியவரே வெளியே வந்து அதே விதிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விளக்கம் சொல்லலாம். உயர் அதிகாரிகள் ஓராண்டுக்குப் பழைய துறையிடம் யாருக்காகவும் பேசக் கூடாது என்பது உண்மை. ஆனால் உள்நாட்டு வாடிக்கையாளருக்குத் திரைமறைவில் யோசனை சொல்ல அந்தச் சட்டத்தில் தடை இல்லை.