நியூயார்க்கின் சுரங்க ரயிலான சப்வேயில் சில ரயில்களுக்கு எண், சிலவற்றுக்கு எழுத்து ஏன்? ஒரே தண்டவாளத்தில் இத்தனை ரயில்களை எப்படி ஓட்டுகிறார்கள்?

இங்கே குடிவந்த புதிதில், ஒரு பகல் வேளையில் 59-ஆவது தெரு நிலையத்தில் நீல வட்டம் போட்ட ரயில் வந்து நின்றது. நான் போக வேண்டியது 81-ஆவது தெரு. வரைபடத்தில் நீலக் கோடு அங்கேதான் போகிறது என்று ஏறிவிட்டேன். 72-ஆவது தெரு கடந்தது, 81-ஆவது தெருவும் கடந்தது. வெளிச்சமான நடைமேடைகள் சன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போயின. ஏழு நிலையங்களைத் தாண்டி, 125-ஆவது தெருவில்தான் ரயில் நின்றது. ஏறியது ஏ ரயில். ஏறியிருக்க வேண்டியது சி ரயில். இரண்டுக்கும் ஒரே நீலம்.

உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது. நியூயார்க்கில் தடம் வேறு, அதில் ஓடும் ரயில் சேவை வேறு. தடம் என்பது மண்ணுக்குள் கிடக்கும் சுரங்கமும் இரும்பும். எண்ணும் எழுத்தும் அதன்மேல் ஓடும் சேவையின் பெயர்கள். நகரின் மூன்று பகுதிகளைக் கடக்கும் ஆர் ரயிலைப் பாருங்கள்: புரூக்ளினில் நான்காம் அவென்யூ தடம், மன்ஹாட்டனில் பிராட்வே தடம், குயீன்ஸில் குயீன்ஸ் பூலவார்டு தடம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ரயில்களோடு பாதையைப் பங்கிட்டுக்கொள்கிறது. நிறம் காட்டுவது, மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் அது எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதை மட்டும்தான். எட்டாம் அவென்யூ என்றால் நீலம், ஆறாம் அவென்யூ என்றால் ஆரஞ்சு. அதனால் இங்கே யாரிடமும் ‘நீல ரயில்’ என்று வழி கேட்காதீர்கள். எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

எண், எழுத்து என்ற பிரிவுக்குக் காரணம் வரலாறு. 1904 அக்டோபர் 27 அன்று முதல் சப்வேயைத் திறந்து ஓட்டியது ஐ.ஆர்.டி. என்ற தனியார் நிறுவனம். பின்னர் பி.எம்.டி. என்ற இன்னொரு தனியார் நிறுவனம் வளர்ந்தது. 1932-இல் நகராட்சியே ஐ.என்.டி. என்ற பெயரில் தன் சொந்தத் தடத்தைத் திறந்தது. 1940-இல் நகராட்சி மற்ற இரண்டையும் வாங்கி, மூன்றையும் ஒரே கையில் கொண்டுவந்தது. ஆனால் சுரங்கத்தின் அகலத்தைக் கையெழுத்துப் போட்டு மாற்ற முடியாதே! ஐ.ஆர்.டி. பெட்டிகள் ஒன்பது அடிக்கும் சற்றுக் குறைவான அகலம். மற்ற இரண்டின் பெட்டிகள் பத்து அடி. அகலப் பெட்டி குறுகிய சுரங்கத்தில் நுழையாது. குறுகிய பெட்டி அகலச் சுரங்கத்தில் ஓடும், ஆனால் வாசலுக்கும் நடைமேடைக்கும் நடுவே ஆபத்தான இடைவெளி விழும். ஆகவே இன்றும் எண் ரயில்கள் ஐ.ஆர்.டி. தடங்களிலும், எழுத்து ரயில்கள் மற்ற தடங்களிலும் ஓடுகின்றன. பராமரிப்பு ரயில்களை மட்டும் குறுகிய அளவில் செய்து எல்லா இடத்துக்கும் அனுப்புகிறார்கள்.

இந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது நான்கு தண்டவாளங்களை. முக்கியத் தடங்களில் ஒரு திசைக்கு இரண்டு பாதைகள்: ஒன்றில் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸ், மற்றதில் எல்லாவற்றிலும் நிற்கும் லோக்கல். 1904-லேயே இப்படிக் கட்டினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். இந்த சப்வே இரவிலும் மூடுவதில்லை. அப்படியானால் பழுது பார்ப்பது எப்போது? ஒரு பாதையை அடைத்துவிட்டு மற்றதில் ரயிலை விடுகிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு சி ரயில் கிடையாது. ஏ ரயிலே லோக்கலாக மாறி எல்லா நிலையங்களிலும் நிற்கும். வார இறுதியில் பி ரயில் ஓடாது. நிலையத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிக்காமல் சனிக்கிழமை கிளம்புவது உசிதமல்ல.

பாதையைப் பங்கிடுவதற்கு ஒரு விலையும் உண்டு. புரூக்ளினின் டிகால்ப் அவென்யூ சந்திப்பைச் சுற்றி பி, டி, என், க்யூ, ஆர் என்று ஐந்து சேவைகள் பின்னிக்கொள்கின்றன. அங்கே ஒரு ரயில் தயங்கினால், அந்தத் தாமதம் பல மைல் தள்ளி வேறொரு எழுத்தின்மேல் போய் விழுகிறது. பழைய சிக்னல் முறையில் பாதை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் ரயில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும்; தண்டவாளத்தின் ஓரத்தில் சிறு இரும்புக் கை ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஓட்டுநர் மீறிப் போனால் அந்தக் கை பெட்டியின் அடியிலுள்ள விசையைத் தட்டி, அவசரப் பிரேக்கைப் போட்டுவிடும். பத்திரமான ஏற்பாடு. ஆனால் முன்னால் போகும் ரயில் எந்தத் துண்டில் இருக்கிறது என்றுதான் அதற்குத் தெரியும், துல்லியமாக எந்த இடத்தில் என்று தெரியாது. அதனால் ரயில்களுக்கு நடுவே நிறைய இடம் விட வேண்டியிருக்கிறது. கணினி வழிக் கட்டுப்பாடு முதலில் எல் ரயிலுக்கும் அடுத்து 7-க்கும் வந்ததற்கு முக்கியக் காரணம், அவை இரண்டும் தம் பாதையை வேறு எந்தச் சேவையோடும் பங்கிடுவதில்லை என்பதுதான்.

பெரும்பாலான ரயில்களில் பணியாளர்கள் இருவர்: முன்னால் ஓட்டுநர், நடுப்பெட்டியில் நடத்துநர். நடைமேடையின் நடுப்பகுதியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டிய பலகை ஒன்று தொங்கும். ரயில் நின்றதும் நடத்துநர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அந்தப் பலகையை விரலால் சுட்டுவார். பலகை தனக்கு நேர் எதிரே இருந்தால், எல்லாப் பெட்டிகளும் நடைமேடைக்குள் நிற்கின்றன என்று பொருள். சுட்டிய பிறகுதான் கதவைத் திறப்பார். இன்று காலையும் ஓர் அம்மாள், குளிருக்குக் கையுறை அணிந்த விரலால், அதைச் சுட்டிவிட்டுத்தான் எங்களுக்குக் கதவைத் திறந்தார்.