பெரேரா எப்படி பெர்ரி ஆனார்? வாசகர் கேள்வி-பதில்

போர்த்துகீசிய முன்னோரைத் தேடுகிறவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பங்கின் பெயர், அதாவது முன்னோர் சேர்ந்திருந்த சர்ச் வட்டாரத்தின் பெயர், இல்லை. அட்லாண்டிக் கடலில் உள்ள போர்த்துகலின் அசோர்ஸ் தீவுகளின் ஞானஸ்நானப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தீவு, ஊர், பங்கு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆள் பெயரைத் தட்டித் தேடும் வசதி இல்லை. பங்கு தெரியாவிட்டால் ஒன்பது தீவுகளையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

என் கணவரின் கொள்ளுப்பாட்டி மரியா த ஜெசுஸ். அவருடைய அக்கா ரோசா த கொன்சைசாவ், தம்பி மனுவேல் தெ மெதெய்ரோஸ். மூவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா? (டொரொண்டோ)

தாராளமாக இருக்கலாம். 1911இல் அரசுப் பதிவு கட்டாயமாகும் வரை, ஞானஸ்நானப் பதிவில் பிள்ளைக்கு முதற்பெயர் மட்டும்தான். குடும்பப் பெயர் வளர்ந்த பிறகு ஒட்டிக்கொள்வது. ஒருவன் அப்பாவின் பெயரை எடுப்பான், இன்னொருவன் அம்மாவின் தகப்பன் பெயரை, மூன்றாமவன் ஞானத்தகப்பன் பெயரை. பெண்களுக்குப் பெரும்பாலும் பக்திப் பெயர். ஆண்களுக்கும் உண்டு: 1879இல் இன்னொரு போர்த்துகீசியத் தீவான மதேராவிலிருந்து ஹவாய் போய் உக்குலேலே என்ற குட்டி கிதார் செய்து விற்ற மூவரில் ஒருவர் ஜொசே தொ எஸ்பிரித்து சாந்து, அதாவது 'பரிசுத்த ஆவியின்' ஜொசே. இப்படிப்பட்ட பெயரைப் பிடித்துக்கொண்டு வம்சத்தில் மேலே ஏறப் பார்க்காதீர்கள். மூவரின் பதிவிலும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் ஒன்றா என்று பாருங்கள். மெதெய்ரோஸ் என்பதால் சாவ் மிகேல் தீவிலிருந்து தொடங்கலாம். அது ஊகம்தான், பங்கைக் கண்டுபிடியுங்கள்.

எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. எங்கள் முன்னோர் மதேராக்காரர்களா? (தூத்துக்குடி)

இல்லை. 1530களில் முத்துக்குளித்துறையில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகப் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர் அது. பெயர்தான் கப்பலில் வந்தது, ஆள் வரவில்லை.

ஆல்பர்ட் பெர்ரி என்பது மாமனாரின் தாத்தா பெயர். அசோர்ஸிலிருந்து 1880 வாக்கில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு வந்தவர். பெரேரா என்பதை எல்லிஸ் தீவு அதிகாரி பெர்ரி என்று மாற்றிவிட்டாராம். அந்த அதிகாரியின் பதிவு எங்கே கிடைக்கும்? (பாஸ்டன்)

எங்கேயும் கிடைக்காது. நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892இல். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு வந்தவரின் பெயரை அது எப்படி மாற்றும்? வந்து இறங்கியதும் வேறு துறைமுகம். மாதம் இரண்டு கடிதமாவது இந்தக் கதையோடு வருகிறது. எழுதுகிற யாரும் வருடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை.

1892க்குப் பிறகு வந்தவர்களுக்கும் இது பொருந்தாது. பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனி ஏற்றும் துறைமுகத்திலேயே எழுதிவிடும். இறங்குமிடத்து அதிகாரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்ப்பார், அவ்வளவுதான். பெயரை மாற்றியவர்கள் அவர்களேதான், அல்லது மில் மேஸ்திரி, பள்ளிக்கூட டீச்சர், சம்பளக் கணக்கு எழுதியவர். பெரேரா பெர்ரி ஆனார், ரோட்ரிகஸ் ரோஜர்ஸ் ஆனார், ஒலிவேரா ஆலிவர் ஆனார். சிலர் அர்த்தத்தையே பெயர்த்தார்கள்: ரெய்ஸ் என்றால் அரசர்கள், அவர் கிங் ஆகிவிட்டார். நடிகர் டாம் ஹாங்க்ஸின் அம்மா வீட்டுப் பெயர் ஃப்ரேகர், அதுவும் ஃப்ராகா என்ற அசோர்ஸ் பெயரிலிருந்து வந்ததுதான்.

சரி, எங்கே தேடுவது? கோவிலில், அதாவது சர்ச்சில். நியூ பெட்ஃபோர்டில் போர்த்துகீசியருக்கென்று 1871லேயே தனிப் பங்கு வந்துவிட்டது. மில்லில் பெர்ரியாக இருந்தவர், போர்த்துகீசியச் சாமியார் எழுதிய கல்யாணப் பதிவில் பெரேராவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதிர்ஷ்டம் இருந்தால் அதிலேயே சொந்தப் பங்கின் பெயரும் இருக்கும். அசோர்ஸின் கடவுச்சீட்டுப் பதிவில் ஆள் இல்லையே என்று பதற வேண்டாம். பட்டாளத்துக்குப் பயந்து, ராத்திரியோடு ராத்திரியாக அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிய பையன்கள் ஏராளம். அவர்களிடம் கடவுச்சீட்டு ஏது? ஆல்பர்ட் என்ற முதற்பெயரையும் நம்பாதீர்கள், அதுவும் மாறியிருக்கலாம்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் 1800 வரை 'ரோட்ரிகஸ்' இருக்கிறது. அதற்கு முன்னால் போனால் 'ரொயிஸ்' என்ற வேறு குடும்பம் குறுக்கே வருகிறது. (சான் ஹோசே)

அநேகமாக இரண்டும் ஒன்றே. ரோட்ரிகஸ் என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டு சாமியார் போட்ட சுருக்கம் ரொயிஸ். மனுவேல், பிரான்சிஸ்கோ எல்லாம் அப்படித்தான் இருக்கும்: முதல் ஓரிரு எழுத்து, அதன் தோளில் பொடியாகக் கடைசி எழுத்துகள். நானும் ஆரம்பத்தில் இந்த ரொயிஸை வேறு வம்சம் என்று நினைத்து மூன்று மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

சில்வேரா சுத்தப் போர்த்துகீசியப் பெயர்தானே? (மெல்பர்ன்)

சொல் போர்த்துகீசியம்தான். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் சாவ் ஜோர்ஜ் தீவின் தோப்போவில் குடியேறிய ஃப்ளெமிஷ்காரர் (இன்றைய பெல்ஜியம் பக்கத்தவர்) வில்லெம் வான் டெர் ஹாகனின் பெயரை மொழிபெயர்த்தபோதும் சில்வேரா என்றே ஆனது. ஃபயால் தீவின் துத்ராவும் அப்படி வந்த பெயர்தான், வான் ஹூர்தெரெயின் திரிபு. இதற்காக எல்லா சில்வேராவும் ஃப்ளெமிஷ் என்று கிளம்பிவிடாதீர்கள்.

பாட்டி மெட்ராஸிலிருந்து கயானா போன குடும்பம், தாத்தா கூவேயா என்ற போர்த்துகீசியர். எந்தத் தீவு? (லண்டன்)

பெரும்பாலும் மதேரா. 1835 மே மாதம் லூயிசா பெய்லி கப்பலில் 40 பேரோடு தொடங்கி, 1882க்குள் சுமார் 30,000 பேர் அங்கிருந்து கயானா போனார்கள். ஃபுன்ஷால் ஆவணக் காப்பகத்தில் திருமணங்களைப் பெயர் வைத்தே தேடலாம், அசோர்ஸ்காரர்களுக்கு இல்லாத சொகுசு. தாத்தாவின் பெற்றோர் பெயர் தெரியாமல் அதில் இறங்காதீர்கள். கூவேயாக்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

த சில்வா, அசோர்ஸ். விவரம் தேவை. அவசரம். (ஊர் எழுதவில்லை)

எனக்கும்தான் விவரம் தேவை. எந்தத் தீவு, எந்தப் பங்கு, எந்த வருடம், யார் மகன்? அவர் கல்யாணச் சான்றின் நகல் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கலாம்.