வருஷம் முழுக்க வெளியூர்: மூன்று மாதம் வீட்டில் இருக்க வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் எரெக்‌ஷன் இன்ஜினியர்; மில்களுக்கே போய் இயந்திரங்களை நிறுவித் தருவது என் வேலை. கடந்த ஓராண்டில் 210 நாள் வெளியூரிலேயே போய்விட்டது. சூரத், டாக்கா, தாஷ்கண்ட், மறுபடியும் டாக்கா. வெளிநாடு மட்டும் 96 நாள். போன வாரம்தான் வீடு வந்து சேர்ந்தேன். உடம்பும் மனசும் அசந்துவிட்டன. வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் வீட்டோடு இருக்க ஆசை. சம்பளம் கைக்கு 62,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 28,000. வீட்டுச் செலவு 38,000. சேமிப்புக் கணக்கில் 4.10 லட்சம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 86,000 பாக்கி. அதில் 54,000 கம்பெனி எனக்குத் தர வேண்டிய பயணச் செலவு. இரண்டு மாதமாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறேன். சேர்ந்து 4 ஆண்டு 7 மாதம் ஆகிறது. 45 நாள் விடுப்பு மிச்சம். வீட்டில் மனைவி, 5 வயது மகள், சர்க்கரை நோய் உள்ள அம்மா. மூன்று மாதம் தாங்குமா?

பதில்: ஓய்வு எடுங்கள், கட்டாயம் எடுங்கள். 210 நாள் ஓட்டல் அறையிலும் மில் கெஸ்ட் ஹவுஸிலும் தூங்கிய உடம்பு கேட்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள்.

உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீட்டுச் செலவு 38,000 என்கிறீர்கள். அது நீங்கள் இல்லாத வீட்டின் செலவு. ஏழு மாதமாக உங்கள் சாப்பாடும் போக்குவரத்தும் கம்பெனி கணக்கில் ஓடின. இனி நீங்கள் இருக்கிறீர்கள். காய்கறி, பெட்ரோல், ஞாயிற்றுக்கிழமை கறி, மகளோடு கடைக்குப் போவது எல்லாம் கூடும். 45,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த 62,000-ல் டூர் பேட்டா சேர்ந்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். விடுப்பில் பேட்டா வராது.

அடுத்து கார்டு. பல கார்டுகளில் மாதம் 3.5% வட்டி போடுகிறார்கள். 86,000-க்கு அது 3,010 ரூபாய். வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 3,550. அதே 86,000 உங்கள் சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீதத்தில் மாதம் 180 ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பாலுக்கும் பருப்புக்கும்கூட வட்டியில்லாத நாட்கள் கிடையாது. கம்பெனி பணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே முழுதாகக் கட்டிவிடுங்கள்.

கட்டிய பிறகு 3.24 லட்சம் மிஞ்சும். ஆறு மாதச் செலவு, அதாவது 2.70 லட்சம், தொடாத பணமாக இருக்க வேண்டும். அதை மூன்று வைப்புத் தொகைகளாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் போதும். மீதி 54,000. கம்பெனி தர வேண்டிய 54,000 வந்தால் 1.08 லட்சம். சம்பளம் இல்லாத மூன்று மாதத்துக்கு 1.35 லட்சம் வேண்டும். 27,000 குறைகிறது. அதுவும் மூன்றாவது மாதக் கடைசியில் புது வேலை தயாராக இருந்தால்தான் இந்தக் கணக்கு.

இதைவிடப் பெரிய இழப்பு பணிக்கொடை, அதாவது ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி. இன்னும் ஐந்து மாதம் இருந்தால் 5 ஆண்டு முடிகிறது. 28,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் 80,769 ரூபாய். குறைந்தது இவ்வளவு வரும். நாலு ஆண்டும் 240 நாளும் போதும் என்று நண்பர்கள் ஒரு தீர்ப்பைக் காட்டுவார்கள். அப்படித் தீர்ப்பு உண்டு. ஆனால் வழக்காடி வாங்க வேண்டிய பணத்தை நம்பி வீட்டுக் கணக்கு போடக் கூடாது. அம்மாவின் மருத்துவக் காப்பீடு கம்பெனி குழுக் காப்பீட்டில் இருக்கிறதா? வேலையை விட்டால் அதுவும் போகும். தனியாகப் புது பாலிசி எடுத்தால் சர்க்கரை நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். விடுப்பில் இருக்கும்போதே அம்மாவுக்கு ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள்.

ஆகவே 45 நாள் விடுப்பை முழுசாக எழுதிக் கொடுங்கள். சம்பளத்தோடு ஒன்றரை மாதம், பணிக்காலமும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பிப் போனதும் அசெம்பிளியிலோ பயிற்சிப் பிரிவிலோ உள்ளூர் இடம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், 5 ஆண்டு முடிந்த பிறகு வேறு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் கொடுக்கலாம்.

விடுப்பின் முதல் இரண்டு நாள் மட்டும் எனக்குத் தாருங்கள். பெட்டியைத் திறந்து, கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பயணப் பில்களை எல்லாம் மேஜையில் பரப்பிப் போட்டோ எடுங்கள். டாக்ஸி, ஓட்டல் பில்கள் பலவும் நாளானால் எழுத்து மங்கும் தெர்மல் பேப்பரில் வருபவை. பயிற்சி வகுப்புகளுக்காக நான் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு வருஷத்தில், சூட்கேஸ் ஓரப் பையில் நாலு மாதம் கிடந்த பில்கள் வெள்ளைக் காகிதமாக வெளியே வந்தன. அந்தப் பணம் எனக்கு வரவே இல்லை. கம்பெனி வெளிநாட்டுப் பணம் ஏற்றிக் கொடுத்த ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சம் இருந்தால் அதையும் இதே கணக்கில் காட்டிவிடுங்கள். உங்கள் சொந்த டாலர் நோட்டுகளை 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் மாற்ற வேண்டும். 96 நாள்தான் வெளிநாடு என்பதால் வரி விஷயத்தில் உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

அப்புறம், போர்டிகோவில் உறை போட்டு நிற்கும் பைக். நீங்கள் ஊரில் இல்லாதபோது இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் புதுப்பிக்காமல் வெளியே எடுக்காதீர்கள். 90 நாள் தாண்டினால் க்ளெய்ம் கேட்காமல் இத்தனை வருஷம் சேர்த்த பிரீமியம் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு இனி ரயில் முகத்திலேயே முழிக்க வேண்டாம் என்றிருக்கும். ஆனால் உங்கள் மனைவியும் மகளும் அந்த ஏழு மாதமும் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள். அவர்களுக்கு வெளியே போக வேண்டும். முதல் மூன்று வாரம் உங்கள் இஷ்டம்: தூங்குங்கள், மத்தியானம் அம்மா கையால் ரசம் சோறு சாப்பிடுங்கள். நாலாவது வாரத்துக்கு 15,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலில் நாலு டிக்கெட் போடுங்கள். அது சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பாருங்கள். மகளுக்கு ஜன்னல் சீட்.