அந்தச் சீட்டை வெளியே எடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 42. எட்டு மாதமாகக் காலையில் எழும்போதே அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. சாயங்காலமானால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. முன்பு ஆசையாகச் செய்த எதிலும் இப்போது மனம் ஒட்டவில்லை. தினமும் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டால் அதிலுள்ள செரடோனின் என்ற, மனநிலையோடு சம்பந்தப்பட்ட ரசாயனம் உடல் சோர்வையும் மனச்சோர்வையும் அண்டவிடாது என்று படித்தேன். இரண்டு மாதமாகத் தவறாமல் சாப்பிடுகிறேன், ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கூட்ட வேண்டுமா? எந்த நேரத்தில் சாப்பிடுவது நல்லது? மாமியாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் மாதாமாதம் நான்தான் லேபுக்கு அழைத்துப் போகிறேன். எனக்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு நாலு மாதமாகக் கைப்பையிலேயே கிடக்கிறது, நேரம்தான் அமையவில்லை. கணவரிடமும் மகளிடமும் சொல்லிக் கவலை கொடுக்க விருப்பமில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, வாழைப்பழத்தைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சீட்டைப் பற்றி, போகிற போக்கில் ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

நாலு மாதத்தில் நாலு தடவையாவது அந்த லேபுக்குப் போயிருப்பீர்கள். மாமியாரை உட்கார வைத்து, பெயர் கொடுத்து, ஊசி ஏறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அந்த நேரமெல்லாம் உங்கள் சீட்டு உங்கள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்ட ஐந்து நிமிடம் போதும். இதற்குப் போய் நேரம் அமையவில்லை என்கிறீர்களே, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரணம் வேறு. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவருக்கு வாழைப்பழம், இன்னொருவருக்குப் பேரீச்சம்பழம், வேறொருவருக்குச் சாக்லேட், உள்ளே இருக்கும் பயம் மட்டும் ஒன்றுதான். பெரிய வியாதி வந்துவிடுமோ என்பது பாதி. ரிசல்ட் எல்லாம் சரியாக வந்துவிட்டால், 'உனக்கு ஒன்றுமில்லை, சும்மா படுத்துக் கிடக்கிறாய்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்பது மீதி. பழம் அப்படி எதையும் சொல்லாது. அதனால்தான் சீட்டு பையிலும் பழம் கையிலுமாக இரண்டு மாதத்தை ஓட்டியிருக்கிறீர்கள்.

சரி, கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். வாழைப்பழத்தில் செரடோனின் இருப்பது உண்மைதான். ஆனால் நாம் சாப்பிடும் செரடோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானேதான் செய்துகொள்கிறது. அதற்கு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் தேவை. அது பழத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது, அதுவும் மற்ற அமினோ அமிலங்களோடு முட்டி மோதித்தான் மூளைக்குள் போக முடியும். எண்ணிக்கையைக் கூட்டினாலும் நேரத்தை மாற்றினாலும் இந்தக் கதை மாறாது.

சாப்பாட்டுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோய் இருந்த 67 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளியானது. ஒரு பாதிக்கு 12 வாரம் உணவியல் நிபுணரை வைத்து முழு உணவுமுறையையும் மாற்றினார்கள். இன்னொரு பாதிக்கு ஆள் வந்து பேசிவிட்டு மட்டும் போனார். முதல் பாதியில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள், மற்றதில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. ஆனால் அங்கே மாறியது மொத்தச் சாப்பாடும், ஒரு பழம் அல்ல. பெரும்பாலானவர்கள் மருந்தோ ஆலோசனையோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். தனியாக ஒரு சத்தை மட்டும் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் வைட்டமின் டி மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மனச்சோர்வு வருவதை அந்த வைட்டமின் தடுக்கவில்லை.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருகிறேன். இந்தச் சோர்வோடு வருகிறவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. உங்கள் வயதில் மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போவதே அதற்கு ஒரு பெரிய காரணம். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, டாக்டரிடமாவது சொல்லுங்கள். நடுத்தர அளவு வாழைப்பழத்தில் 0.3 மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 18 மில்லிகிராம். 60 பழம் சாப்பிட வேண்டும்! பி12 அதில் இல்லவே இல்லை. தைராய்டு குறைந்தால் எந்தப் பழமும் ஈடுகட்டாது. இவற்றில் எது குறைந்தாலும் சோர்வு வரும். தைராய்டும் பி12-உம் குறைந்தால் மனமும் சேர்ந்து சோர்ந்துபோகலாம்.

எல்லாம் சரியாக வந்தால்? நீங்கள் பயப்படும் அந்த நாளைத்தான் சொல்கிறேன். ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போய், சாயங்கால அழுகையைச் சொல்லுங்கள். எதிலும் மனம் ஒட்டாததைச் சொல்லுங்கள். இவை இரண்டு வாரம் நீடித்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும், உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. மனச்சோர்வும் நோய்தான். ரத்தத்தில் அது தெரியாது, அதனால் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஆலோசனை உண்டு, மருந்தும் உண்டு. இனி இருந்து என்ன என்று ஒரு நாள் தோன்றினாலும், அந்த நாளே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வயதானவரின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உங்கள் கணவரும் மகளும் கவலைப்படக் கூடாது என்று மறைப்பதைக் கடமையில் சேர்க்காதீர்கள், அது தப்பு. உங்களுக்காகக் கவலைப்படுவது அவர்களுடைய கடமை. அதை ஏன் அவர்களிடமிருந்து பறிக்கிறீர்கள்? உங்கள் மகள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். நாளைக்கு அவள் பையிலும் இப்படி ஒரு சீட்டு கிடந்தால் பொறுத்துக்கொள்வீர்களா?

இன்றைக்கே கணவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். மாமியாரின் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே கணவரோடு போங்கள். சீட்டு பழசு என்று லேபில் சொன்னால் டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை நீங்களாக இரும்பு, பி12 மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், காரணம் மறைந்துபோகும். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டலாம். சர்க்கரையும் எழுதியிருந்தால் வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும். வாழைப்பழம் பையில் இருக்கட்டும், ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.