பஞ்ச் ஃபேஸ்

அன்புள்ள ஐயா,

மகளின் பிறந்தநாளுக்குப் பெர்சியன் பூனைக்குட்டி வாங்கப் போகிறோம். இது நிஜமாகவே பாரசீகத்துப் பூனையா? குணம் எப்படி? கடையில் மூக்கு எடுப்பாக இருக்கிற ‘டால் ஃபேஸ்’ ஒரு விலை, முகம் தட்டையான ‘பஞ்ச் ஃபேஸ்’ இரண்டு மடங்கு. காசு போனாலும் பரவாயில்லை, அதையே வாங்கலாமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

1620 வாக்கில் பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி பாரசீகத்தின் குராசான் பகுதியில் இருந்த நீள்முடிப் பூனைகளை வியந்து எழுதினார். அப்புறம் துருக்கியின் அங்காராப் பூனைகளும் ஐரோப்பாவில் வந்து கலந்தன. இன்றைய பெர்சியனின் மரபணு மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் ஒத்துப்போகிறது. குணம் சாது. சரி, அது போதும்.

‘காசு போனாலும் பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. போவது காசு மட்டுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்காட்சிப் படங்களைப் பாருங்கள், பெர்சியனுக்கு நல்ல மூக்கு இருக்கிறது. பரிசுக்காகத் தலைமுறை தலைமுறையாக மூக்கை உள்ளே தள்ளியது மனிதர்கள்தான்.

எங்கள் பூனை மல்லியும் பஞ்ச் ஃபேஸ்தான். முகம் தட்டையானால் கண்ணீர்க் குழாய் மடங்கிவிடும். மூக்குக்குள் இறங்க வேண்டிய நீர் கன்னத்தில் வழியும். தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, துருப்பிடித்தாற்போல் காய்ந்திருப்பதைத் துடைப்பேன். மறுநாள் மறுபடி இருக்கும். வாசல் செருப்பின் மேல் தாடையைத் தூக்கி வைத்துத்தான் தூங்குவாள். எவ்வளவு அழகு என்று படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். தலையைக் கீழே வைத்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அந்தப் படங்களை இன்றுவரை என்னால் திறந்து பார்க்க முடியவில்லை.

ஏழு வயதில் போய்விட்டாள். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். பெர்சியன் வம்சத்தில் அதிகம் வரும் நோய். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் அந்த மரபணு இருந்தாலே குட்டிக்கு வரலாம். அதைக் கண்டறியும் பரிசோதனை உண்டு. விற்றவரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் சான்று இல்லையென்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மூக்கு எடுப்பாக இருக்கிற குட்டியாகப் பாருங்கள். பாப்பாவுக்கு ஒரு இரும்புச் சீப்பும் வாங்கிக் கொடுங்கள். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் முதலில் சிக்கு விழும். தினமும் மெல்ல வாரச் சொல்லுங்கள்.