‘சின்ன மாற்றம்தானே, போட்டுக் குடுங்க’: பில்லிங் மென்பொருள் விற்பவர்களுக்குக் கேள்வி பதில்

மதுரையிலும் சுத்துப்பட்டிலும் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக், கணக்கு மென்பொருள் எழுதி விற்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே பதில் தந்திருக்கிறேன். ஒரே கேள்வி மறுபடி வந்தால் மறுபடி பக்கம் பக்கமா எழுத மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளுக்கு விற்பவர்): அக்கா, ரெடிமேடு துணிக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறுற எல்லை 1000-லேருந்து 2500 ரூபாய் ஆச்சுல்ல, அந்த மாத்தத்தை சாஃப்ட்வேர்ல எல்லாக் கடையும் இலவசமா செஞ்சு தரச் சொல்றாங்க. காசு கேட்டா, ‘சாஃப்ட்வேர் வித்தது நீங்கதானே’ங்கிறாங்க. கேட்கலாமா கூடாதா?

பதில்: வேலையை மூணாப் பிரிங்க. நம்ம தப்பால் வந்தது, சட்டம் மாறியதால் வந்தது, கடைக்காரர் வசதிக்கு வந்தது. முதல் வகைக்குக் காசு கேட்கவே கூடாது. இரண்டாவது ஏஎம்சி (வருஷாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கட்டினவருக்கு அதிலேயே அடங்கும், கட்டாதவருக்குத் தனிக் கட்டணம். மூணாவதுக்கு யாராக இருந்தாலும் காசு. இதை விற்கிற அன்றைக்கே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. ஏஎம்சி என்று விலையில் 15 முதல் 20 சதவீதம் வைத்தால் கட்டுபடியாகும்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருந்தால் அது நம்ம தப்பு, காசு கேட்க வாய் வராது. வரிக்குத் தனி அட்டவணை வேண்டும்: எச்எஸ்என் (ஜிஎஸ்டியில் சரக்கு வகையைக் குறிக்கும் எண்), எந்தத் தேதியிலிருந்து, எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை, எத்தனை சதவீதம். ரெடிமேடு துணிக்கு முன்னே உருப்படி 1000 ரூபாய் வரை 5, மேலே 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 வரை 5, மேலே 18. அட்டவணை இருந்தால் இரண்டு வரி சேர்ப்பதோடு வேலை முடிந்தது.

அடுத்து கவனிக்க வேண்டியவை. எல்லையைத் தள்ளுபடி போக வரும் விலையில் பார்க்கணும், அட்டை விலையில் இல்லை. 2600 ரூபாய்ச் சட்டைக்கு 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 2470, ஆக வரி 5 சதவீதம். பில் மொத்தத்தில் தள்ளுபடி கொடுக்கிற கடையில் அதை உருப்படி உருப்படியாகப் பிரித்த பிறகுதான் வரி போடணும். சுங்குடிச் சேலை துணி வகையில் வரும், அதற்கு இந்த மதிப்பு வரம்பே கிடையாது. எல்லா எச்எஸ்என்னுக்கும் ஒரே விதி போட்டு வைத்தவர்கள் இங்கேதான் மாட்டினார்கள். பழைய பில்லுக்குத் திரும்ப வரும் சரக்குக்கு, பழைய பில்லில் இருந்த வரியேதான், இன்றைய வரி இல்லை.

வரி சேர்த்து விலை ஒட்டுகிற கடைகளில் இன்னொரு பொறி. 2800 என்று அட்டை. 5 சதவீதம் என்று கழித்தால் அடிப்படை விலை 2666.67, அது 2500-ஐத் தாண்டுகிறது, ஆக 18 போடணும். 18 என்று கழித்தால் 2372.88, அது 2500-க்குள், ஆக 5 போடணும்! 2625-க்கு மேல் 2950 வரை எந்த அட்டை விலை வைத்தாலும் இந்தச் சுழலில் சிக்கும். நிரலில் எதையாவது ஒன்றை நீங்களே முடிவு செய்யாதீங்க. அந்த விலைகளுக்குள் அட்டை ஒட்டினால் திரையில் எச்சரிக்கை வரட்டும், எந்த விகிதம் என்பதைக் கடையின் ஆடிட்டர் எழுத்தில் தரட்டும்.

கேள்வி (திருமங்கலம்): சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் காசு கேட்டா கஸ்டமர் போயிருவாங்களே?

பதில்: மேலே முதல் பதில். போகிறவர் ஏஎம்சி கட்டுகிறவரா என்று முதலில் பாருங்க.

கேள்வி (மாட்டுத்தாவணி பூக்கடைகள்): மல்லிகை விலை காலைல ஒண்ணு, எட்டு மணிக்கு ஒண்ணு. பில் போட்டப்புறம் விலையத் திருத்துற வசதி கேக்குறாங்க. குடுக்கவா?

பதில்: அவர் திருத்தணும்னு கேட்பது வாய்வார்த்தை. அவருக்கு வேண்டியது விலை முடிவாகும் முன்னே எடையைப் பதிவு செய்யும் வழி. பூ வந்ததும் விலையில்லாத எடைச்சீட்டு: விவசாயி பெயர், கிலோ, சாக்கு எடைக் கழிவு, நேரம். ஏலம் முடிந்ததும் அந்தந்தச் சீட்டுக்கு விலை ஏற்றி, கமிஷன், கூலி, முன்பணம் கழித்துப் பட்டியல். பட்டியல் அச்சான பிறகு மாற்றணும்னா புதுப் பட்டியல் எண்ணில் வித்தியாசம் மட்டும் போகணும். பச்சைப் பூவுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் வரி பில் எண்வரிசையோடு இதைக் கலக்காதீங்க. இந்த ஒரு கடைக்காக நிரலைத் தனிக் காப்பி எடுத்து மாற்றவும் செய்யாதீங்க. எடைச்சீட்டு என்பது ‘உண்டு, இல்லை’ என்று அமைப்பில் (செட்டிங்ஸில்) ஒரு தேர்வாக இருக்கட்டும்.

கேள்வி (மேலூர்): மளிகைக் கடையில தமிழ்ல பில் கேக்குறாங்க. தெர்மல் பிரிண்டர்ல கட்டம் கட்டமா வருது.

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நல்ல கேள்வி. கடைகளில் இருக்கிற பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களின் உள்ளே தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கட்டம்தான். பில்லைப் படமாக வரைந்து அனுப்பணும். 80 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., அதாவது 576 புள்ளி. 58 மி.மீ. தாளுக்கு 384 புள்ளி. படத்தை இந்த அகலத்துக்குச் சரியாக, கறுப்பு வெள்ளையில் மட்டும் வரையுங்க. சாம்பல் நிற ஓரங்களோடு வரைந்தால் ‘ணி’, ‘னி’ சுழிகள் ஒட்டிப் போகும். எழுத்து உயரம் 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். படமாகப் போவதால் அச்சு மெதுவாகும். கூட்ட நேரத்தில் அது பெரிய தொல்லை. நீளமான பில்லை ஒரே படமாக அனுப்பாமல் துண்டு துண்டாக அனுப்பினால் சில பிரிண்டர்கள் நடுவில் நின்று நின்று போவது குறையும்.

பெரிய தலைவலி பழைய டேட்டா. பொருள் பெயர்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அதில் ‘கெ’ என்றால் கொம்பு முதலில், எழுத்து பின்னால். இப்போது எல்லாக் கணினியும் போனும் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். ‘கொ’வுக்கு இரண்டு பக்கத் துண்டுகளையும் சேர்த்து ஒன்றாக்கணும். ‘கௌ’ இன்னும் மோசம், அதன் வால் ‘ள’ மாதிரியே இருப்பதால் ‘கௌரி’யா ‘கெளரி’யா என்று மாற்றும் நிரலுக்குத் தெரியாது. மாற்றிய பட்டியலைக் கடைக்காரரிடம் அச்சடித்துக் கொடுத்து, ‘ஸ்ரீ’, ‘கௌ’, ‘க்ஷ’ வரும் பெயர்களை அவரே பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஏற்றுங்க. மாற்றுகிற வேலைக்குத் தனிக் காசு.

கேள்வி (கீழமாசி வீதி மொத்த வியாபாரக் கடை): முதலாளி சோர்ஸ் கோடு (நாம எழுதின மூல நிரல்) கேக்குறார். ‘காசு குடுத்தது நான், அது என் சொத்து’ங்கிறார்.

பதில்: 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பில் அடங்கும். வெளியாளாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால் எழுதியவரே முதல் உரிமையாளர். உரிமையைக் கைமாற்ற எழுத்தில் கையெழுத்தோடு பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் இதையெல்லாம் முதலாளி முகத்தில் எறியாதீங்க. அவருக்குப் பயம், நாளைக்கு நீங்கள் கடையை மூடிவிட்டால் அவர் கணக்கு என்ன ஆகும் என்பதுதான். அந்தப் பயத்துக்கு மருந்து: எல்லா டேட்டாவையும் எக்செல்லாக எடுக்கும் பொத்தான், டேட்டாபேஸ் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில், நீங்கள் சேவையை நிறுத்தினால் மட்டும் கோடு அவர் கைக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடுவார்.

கேள்வி (சிம்மக்கல்): ஹார்டுவேர் கடை. போட்ட பில்லை அழிக்கிற வசதி வேணுமாம்.

பதில்: கூடாது. ரத்து செய்யலாம், அழிக்கக் கூடாது. ரத்தான பில்லும் எண்ணோடு, யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு உள்ளே இருக்கணும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நீங்க குடுக்காட்டி பக்கத்துத் தெரு ஆள் குடுப்பான். வியாபாரம் அவனுக்குப் போகும். அதுவும் அழிச்சதுக்குத் தடம் வச்சிருக்கணும்ங்கிற சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும்தானே?

பதில்: கடைசி வரி சரி. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் இருக்கணும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களுக்குத்தான். தனி முதலாளி கடைக்கும் கூட்டாளிக் கடைக்கும் அது பொருந்தாது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு இருக்கிற எல்லோருக்கும் பில் எண் தொடர்ச்சியாக இருக்கணும், 16 எழுத்துக்குள். விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 13-ஆவது அட்டவணையைத் திறந்து பாருங்க: எந்த எண் முதல் எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, ரத்து எத்தனை. நடுவில் 40 எண் காணாமல் போனால் அங்கேயே தெரியும்.

அதே ஆள்: எண்ணை மறுபடி வரிசைப்படுத்திட்டா?

பதில்: அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் கையில் இருக்கிற தாளும் உங்கள் டேட்டாவும் ஒத்துப் போகாது. வாங்கியவர் ஜிஎஸ்டி எண் உள்ளவராக இருந்தால் அவர் கணக்கிலும் உதைக்கும். வருஷ விற்பனை 5 கோடியைத் தாண்டிய கடை என்றால் வியாபாரிகளுக்குப் போடும் பில் இ-இன்வாய்ஸாக (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) போயாகணும். அங்கே 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், பிறகு கிரெடிட் நோட்டுதான் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு), ரத்தான எண்ணை மறுபடி போட முடியாது. வரி ஏய்ப்புக்கு உடந்தையாக இருப்பவருக்கும் ஜிஎஸ்டி சட்டம் 122-ஆம் பிரிவில் அபராதம் உண்டு. அந்தப் பொத்தானை எழுதியவர் நீங்கள்தான் என்று நிரலே சாட்சி சொல்லும்.

கேள்வி (வேறொருவர், பழங்காநத்தம்): எல்லாரும் ஏய்க்கத்தான் கேக்குறாங்கன்னு சொல்றது சரியில்லக்கா. புதுப் பையன் பழகுறதுக்கு நாலு பில் போடுறான். அத எங்க கொண்டு போய் வைக்க?

பதில்: இது நியாயமான கேள்வி, மேலே கேட்டவருக்கும் இதுவே விடை. பழகுவதற்கு மென்பொருளுக்கு உள்ளேயே தனிக் கம்பெனிக் கணக்கு ஒன்று வையுங்க. அதில் திரை வேறு நிறம், அச்சில் ‘மாதிரி, விற்பனைக்கு அன்று’ என்று குறுக்கே, எண்வரிசை வேறு. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம். அடுத்து, ‘அழிக்கணும்’ என்று கேட்பவரிடம் கடைசியாக எந்தப் பில்லை அழிக்க நினைத்தார் என்று கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் பில் போட்டபின் வாடிக்கையாளர் ஒரு உருப்படியை வேண்டாம் என்றிருப்பார், இல்லை கடனா ரொக்கமா என்பதில் தப்பு நடந்திருக்கும். அதற்கு பில்லை ‘நிறுத்தி வை’ என்ற பொத்தானும், பணம் வந்த வகையை அன்று இரவுக்குள் மாற்றும் அனுமதியும் போதும். இரண்டும் கொடுத்த பிறகும் அழிக்கணும் என்று நிற்கிறவர் எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

பெயர் வேண்டாம் என்றவர்: முதலாளிக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டு...

பதில்: இல்லைங்க. இதோடு இந்தப் பேச்சை விடுவோம், இன்னும் பத்துப் பேர் காத்திருக்காங்க.

கேள்வி (அண்ணாநகர்): மென்பொருள் போட்டு 4 மாசம் ஆச்சு. பாதிப் பணம் நிக்குது.

பதில்: உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கா? வேலைக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும். குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் தரணும் என்பது 2006-ஆம் வருஷத்துச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டி. நாள் தாண்டி நிற்கிற தொகையை அவர் வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மொத்த விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டுகிற சின்னக் கடைகளுக்கு இந்தக் கடைசி அடி படாது. 180 நாளில் பணம் தராவிட்டால் உங்கள் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரியை (தான் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டதை) அவர் திருப்பிக் கட்டணும். இதை மிரட்டலாகச் சொல்லாமல் அவர் ஆடிட்டர் காதில் போட்டால் போதும், அவரே பணத்தைக் கட்டச் சொல்வார்.

இனி விற்கும்போது ஆர்டரோடு 40, நிறுவியதும் 40, ஒரு மாத பில் சரியாக ஓடியதும் 20 சதவீதம் என்று வையுங்க. சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கும் அப்போதே ஜிஎஸ்டி உண்டு, 18 சதவீதம், மறந்துராதீங்க.

கேள்வி (உசிலம்பட்டி): பில்லை எஸ்எம்எஸ்ஸா அனுப்பணும்னு கேக்குறாங்க, நம்ம பேர்ல அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கடை பெயரில் டிஎல்டி பதிவு (வணிக எஸ்எம்எஸ் அனுப்பத் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்யும் பதிவு), அனுப்புநர் பெயர், செய்தி வார்ப்பு மூன்றும் ஒப்புதல் ஆகணும். வார்ப்பில் இல்லாத ஒரு சொல் சேர்ந்தாலும் செய்தி போகாது. செலவு கடையுடையது.

கேள்வி (பரமக்குடி): எனக்கு வருமான வரி எவ்வளவு வரும்?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்க.

கேள்வி (தெற்கு மாசி வீதி நகைக்கடை): பெரிய கடை அக்கா, அவங்களுக்கு மட்டும் தனியா மாத்திக் குடுத்தா...

பதில்: தனிக் காப்பி வேண்டவே வேண்டாம், நாலாவது தடவை கேட்டாலும் இதேதான். இரண்டு காப்பி இருந்தால் அடுத்த வரி மாற்றத்தை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை சோதிக்கணும், ஒன்றில் கட்டாயம் விட்டுப் போகும். அமைப்பில் தேர்வாகச் சேர்க்க முடிகிறதா பாருங்க. முடியாவிட்டால் விலை சொல்லி, நாள் சொல்லி, தாளில் எழுதுங்க. இன்னொன்று, மாசி வீதிக் கடைகளுக்குச் சித்திரைத் தேரோட்டத்தை ஒட்டியும், எல்லாக் கடைக்கும் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்திலும் புதுப் பதிப்பு போடாதீங்க. தேர் அன்றைக்கு வண்டி உள்ளே போகாது, போனில் உட்கார்ந்துதான் சரி பண்ணணும்.

கேள்வி (விருதுநகர்): முன்ன வலைப்பூ எழுதிட்டு இருந்தேன், விட்டுப் போச்சு. மறுபடி எழுதினா கஸ்டமர் தொல்லை குறையுமா?

பதில்: குறையும், ஒரே கேள்விக்குப் போனில் பதில் சொல்வதை எழுதி வைத்தால். ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி, கடைக்காரர் கேட்கிற அதே சொற்களில் தலைப்பு: ‘பில் பாதியில் நின்னுபோச்சு’ என்று போடுங்க, ‘அச்சுப் பிழைகளைக் கையாளுதல்’ என்று வேண்டாம். படம் போட்டால் கடையின் ஜிஎஸ்டி எண், வாங்கியவர் பெயர், போன் எண் மூன்றையும் கறுப்பால் அடித்து விட்டுப் போடுங்க. மங்கலாக்கினால் போதாது. சொந்த இணைய முகவரியில் எழுதுங்க, வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறிங்க.

கேள்வி (திருப்பரங்குன்றம்): தமிழ்ல பிரிண்ட் வரலக்கா, கட்டம் கட்டமா...

பதில்: மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க. 576 புள்ளி.