மூன்று செக்ஷன் இரண்டாகும்போது

கேள்வி: அக்கா, நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு வரை ஒரே ஒரு பள்ளி. அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பில் மூன்று செக்ஷனை இரண்டாக்கப் போகிறார்களாம். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்காக இருந்த ரீடிங் டீச்சரும் போகிறார். ஆனால் வீட்டு வரி ஏறுகிறது. வரியும் ஏறி, டீச்சரும் குறைந்தால் பணம் எங்கேதான் போகிறது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் ஊர்ப் பள்ளியின் நூலக அறை ஞாபகம் வந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மடக்கு மேசை போட்டு, பள்ளியின் வரவு செலவை முடிவு செய்யும் வாரியத்தின் ஒன்பது பேரும் அங்கேதான் கூடுவோம். பள்ளி வாரிய உறுப்பினருக்கு இந்த மாநிலத்தில் சம்பளம் கிடையாது. ஆபீஸ் முடிந்து ஓடிவந்து, இரவு பத்து மணி வரை பட்ஜெட் தாள்களோடு உட்கார்ந்திருப்போம். ஆறு வருடம் அப்படி இருந்தேன். நீங்கள் கேட்டதை இதே கோபத்தோடு அந்த அறையில் என்னிடம் பல பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். கோபம் நியாயமானது.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் பள்ளி மாவட்டம், அதாவது ஊர்ப் பள்ளியை நடத்தும் நிர்வாகம், ஊராரிடம் வருடத்துக்கு ஒரு கோடி டாலர் வரி வசூலிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். 2010இல் வந்த மாநிலச் சட்டப்படி இந்தத் தொகையை வருடத்துக்கு 2 சதவீதம்தான் உயர்த்தலாம். இன்சூரன்ஸ் செலவு எகிறினால், பிள்ளைகள் எண்ணிக்கை கூடினால் ஓரளவு விலக்கு உண்டு. 2 சதவீதம் என்றால் 2 லட்சம் டாலர். ஆசிரியர்கள், ஊழியர்கள் சம்பளம் மொத்தம் 70 லட்சம் என்று வையுங்கள். ஒப்பந்தப்படி 3 சதவீத உயர்வு என்றால் 2,10,000 டாலர். அவ்வளவுதான், உங்களிடம் கூடுதலாக வாங்கிய வரி சம்பள உயர்விலேயே தீர்ந்துவிட்டது. இன்சூரன்ஸ், பஸ், கரண்ட் பில் எதையும் நான் இன்னும் தொடவே இல்லை. மாநில அரசு தரும் உதவித்தொகை ஏறினால் மூச்சுவிடலாம். 2018இல் போட்ட ஒரு சட்டத்தால் பல மாவட்டங்களுக்கு அது ஏழு வருடம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது.

ரீடிங் டீச்சர் விஷயத்தில் ஒன்று விசாரியுங்கள்: அவரை எப்போது, எந்தப் பணத்தில் எடுத்தார்கள்? 2021இல் கோவிட் நிவாரணமாக மத்திய அரசு நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு சுமார் 12,200 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தை எதற்கென்று ஒதுக்க 2024 செப்டம்பர் 30 கடைசி நாள். பல மாவட்டங்கள் இதில்தான் ரீடிங், கணக்கு டீச்சர்களை எடுத்தன. பிள்ளைகள் பின்தங்கியிருந்த நேரம், எடுக்காமல் இருந்திருந்தால்தான் தப்பு. ஆனால் பணம் நின்றபின் அந்தச் சம்பளம் முழுவதும் ஊர் வரியின் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு டீச்சர் இருந்தார். அவருக்கென்று அறை கிடையாது. வராந்தா முக்கில் ஒரு அரைவட்ட மேசை. மூன்று மூன்று பிள்ளைகளாகக் கூட்டிவந்து, தட்டில் உப்பைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதச் சொல்வார். நம் வீடுகளில் அரிசியில் 'அ' எழுத வைக்கிறோமே, அதேபோல. 'b'யையும் 'd'யையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன், உப்பில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, பிறகு தானே தலையாட்டிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வேலையிடத்தை நீக்கும் பட்ஜெட்டுக்குத்தான் அந்த வருடம் நானும் கை தூக்கினேன். வேறு வழி இருந்ததா என்று இப்போதும் யோசிப்பேன்.

செக்ஷன் விஷயம் வேறு. 46 பிள்ளைகள் என்றால் மூன்று செக்ஷனில் 15, 15, 16. இரண்டாக்கினால் 23. இருபத்து மூன்று ஏழு வயதுப் பிள்ளைகளை ஒரு நல்ல டீச்சர் சமாளிப்பார். ஆனால் ரீடிங் டீச்சரையும் அதே வருடம் நீக்கிவிட்டால், பின்தங்கும் நாலு பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க யாரும் மிஞ்சமாட்டார்கள். இரண்டில் ஒன்றைக் குறைக்கலாம், இரண்டையும் ஒரே வருடத்தில் குறைக்கக் கூடாது. கூட்டத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன்.

கேள்வி: ஆட்குறைப்பு என்றால் ஏன் எப்போதும் இளம் டீச்சர்களையே அனுப்புகிறார்கள்? என் மகளுக்கு ரொம்பப் பிடித்த டீச்சர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

பதில்: 2012 முதல் இங்கே டென்யூர், அதாவது நிரந்தர வேலைப் பாதுகாப்பு, பெற நாலு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஒவ்வொரு வருடமும் மே 15க்குள், அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். டென்யூர் வந்தவர்களைக் குறைத்தாலும் சீனியாரிட்டிதான் பார்க்கப்படும். ஆக, கடைசியாக வந்தவர் முதலில் போகிறார். அவர்தான் குறைந்த சம்பளம் வாங்குபவர் என்பதால் மிச்சமும் குறைவு. ஒரு சீனியர் டீச்சரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, சில சமயம் புதியவர்கள் இரண்டு பேரை அனுப்ப வேண்டிவரும்.

அதனால்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாங்கள் ஓய்வுபெறும் கடிதங்களுக்குக் காத்திருப்போம். முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவர் ஓய்வுபெற்று அந்த இடத்துக்குப் புதியவர் வந்தால், யாரையும் அனுப்பாமலே கணிசமான தொகை மிஞ்சும். ஒரு வருடம் பிப்ரவரி கடைசியில் அப்படி ஒரே ஒரு கடிதம் வந்தது. எங்கள் மியூசிக் டீச்சருக்கு வேலை தங்கியது.

கேள்வி: ரிசர்வில் பணம் வைத்துக்கொண்டே டீச்சரை அனுப்புகிறார்களே, நியாயமா?

பதில்: எந்த ரிசர்வ் என்று கேளுங்கள். கூரைக்கும் பாய்லருக்கும் ஒதுக்கிய கட்டட ரிசர்வைச் சம்பளத்துக்கு எடுத்துவிட முடியாது. பொது உபரியோ, பெரும்பாலான மாவட்டங்களில் பட்ஜெட்டின் 2 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கவே அனுமதி இல்லை. அதை எடுத்து ஒரு சம்பளம் கொடுக்கலாம், ஆனால் அடுத்த வருடமும் அதே சம்பளம் வந்து நிற்கும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலை அது.

கேள்வி: ஒரு குழந்தையை வெளியூர்ச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்ப ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவாம். ஒரு குழந்தைக்காக மற்ற எல்லாப் பிள்ளைகளும் இழக்க வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வியைத் தயவுசெய்து கூட்டத்தில் இப்படிக் கேட்காதீர்கள். நானூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்த ஒரு குழந்தை யார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து இதையே சொன்னார். கடைசி வரிசையில் ஒரு அம்மா, மகனின் சத்தத்தடுப்பு ஹெட்ஃபோனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன்.

அந்தக் குழந்தைக்குத் தகுந்த கல்வி சட்டப்படியான உரிமை. 1975இல் அந்தச் சட்டம் போட்டபோது, மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை ஏற்பதாக மத்திய அரசு சொன்னது. பெரும்பாலான வருடங்களில் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. மாநிலம் அதிகச் செலவுக்கென்று ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அதுவும் பள்ளி வருடம் முடிகிற சமயத்தில்தான். அதுவரை முழுச் சுமையும் சின்ன ஊரின் மேல். கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பேசலாம் என்றிருக்கிறோம். எப்போது போவது?

பதில்: எல்லோரும் ஏப்ரல் கடைசியில் பட்ஜெட் பற்றி ஊராரின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணைக்குத்தான் வருவார்கள். அதற்குள் முக்கால்வாசி முடிந்திருக்கும். கவர்னர் வழக்கமாக பிப்ரவரி கடைசியில் பட்ஜெட் உரை வாசித்த இரண்டு நாளில் உங்கள் ஊருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று தெரிந்துவிடும். மார்ச்சில் வாரியம் முதல் வரைவை ஒப்புக்கொள்ளும். நீங்கள் போக வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் கூட்டத்துக்கு. பதினைந்து பேரும் ஒரே விஷயத்தைப் பேச வேண்டாம். ஒருவர் ரீடிங் டீச்சர், ஒருவர் செக்ஷன், ஒருவர் எத்தனை பேர் ஓய்வுபெறுகிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள்.

விசாரணை முடிந்ததும் பட்ஜெட்டின் எளிய வடிவத்தை மாவட்டம் தன் இணையதளத்தில் போட வேண்டும், அது சட்டம். போன வருடத்தினுடையது இப்போதே அங்கே இருக்கும். அதை எடுத்து, சம்பளம், இன்சூரன்ஸ், சிறப்புக் கல்வி, பஸ் இந்த நாலு செலவுக் கணக்கை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். இந்த வருட வரைவு வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.